வேண்டாத விற்பனை அழைப்புகள், சர்வே அழைப்புகள்: எந்த வீட்டுக்கு எந்தத் தடுப்பு?

போனை எடுத்தால் "பர்சனல் லோன் தேவைப்படுதா சார்?" என்று கேட்கும் குரல்கள் எல்லாம் ஒரே மாதிரிதான் இருக்கும். அவை வரும் எண்கள் ஒரே மாதிரி இருப்பதில்லை. 140 என்று தொடங்கும் எண், யாரோ ஒருவரின் சாதாரணப் பத்து இலக்க எண், வாட்ஸாப் அழைப்பு என்று மூன்று வழிகளில் வருகின்றன. ஒரு வழியை அடைக்கும் முறை இன்னொன்றிடம் பலிக்காது. விளம்பர அழைப்பு வேண்டாம் என்று எண்ணைப் பதிவுசெய்து வைக்கும் ஏற்பாடுதான் டி.என்.டி. "டி.என்.டி. போட்டும் ஒண்ணும் பிரயோஜனமில்லை" என்று பலர் சலித்துக்கொள்வதற்குக் காரணம் இதுதான். பூட்டு நல்ல பூட்டுதான், ஆள் வேறு வாசல் வழியாக உள்ளே வந்துவிட்டார். ஆகவே எந்த முறை சிறந்தது என்று பார்ப்பதற்கு முன், உங்கள் வீட்டுக்கு வரும் தொல்லை எந்த எண்ணிலிருந்து வருகிறது என்று ஒரு வாரம் அழைப்புப் பட்டியலைப் பார்த்துவிடுங்கள். மற்ற முடிவுகள் அதிலிருந்துதான் வரும்.

இந்தியாவில் விளம்பர அழைப்புகளுக்கென்று ஒதுக்கப்பட்டது 140 வரிசை. முறையாகப் பதிவுசெய்த நிறுவனங்கள் பொருளையோ சேவையையோ விற்க இந்த எண்களிலிருந்துதான் அழைக்க வேண்டும். 1600 வரிசை வேறு காரியத்துக்கு: வங்கி, காப்பீடு, அரசுத் துறை போன்றவை உங்கள் கணக்கு, பரிவர்த்தனை பற்றிப் பேசுவதற்கு. விளம்பரத்துக்கு 140, சேவைக்கு 1600 என்று ரிசர்வ் வங்கி 2025 ஜனவரியில் வங்கிகளுக்குச் சொன்னது. வணிக வங்கிகள் 1600க்கு மாறிவிட வேண்டும் என்று தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையமான டிராய் வைத்த கெடு 2026 ஜனவரி 1. சாதாரணப் பத்து இலக்க எண்ணிலிருந்து விற்பனைக்கு அழைப்பதே விதிமீறல். ஆனால் கடன் முகவர், மனை விற்பவர், பங்குச் சந்தை 'டிப்ஸ்' தருபவர் எல்லாம் அங்கிருந்துதான் பேசுகிறார்கள். 2024இன் முதல் ஆறு மாதங்களில் மட்டும் இப்படிப் பதிவில்லாத விற்பனையாளர்கள் மீது 7.9 லட்சத்துக்கும் மேற்பட்ட புகார்கள் வந்ததாக டிராய் தெரிவித்தது. அதே ஆண்டு ஆகஸ்டில் கடுமையான உத்தரவு போட்ட பிறகு, இரண்டே முக்கால் லட்சம் இணைப்புகள் துண்டிக்கப்பட்டன, 50க்கும் மேற்பட்ட நிறுவனங்கள் கறுப்புப் பட்டியலில் சேர்ந்தன.

டி.என்.டி. பதிவு: செய்யத்தான் வேண்டும், ஆனால் அதோடு நிற்காது

செலவு இல்லை, இரண்டு நிமிட வேலை. 1909க்கு அழைக்கலாம், குறுஞ்செய்தி அனுப்பலாம், இல்லாவிட்டால் உங்கள் தொலைபேசி நிறுவனத்தின் ஆப்பிலேயே செய்யலாம். குறுஞ்செய்தி என்றால் ஆங்கில எழுத்தில் 'ஃபுல்லி பிளாக்' என்றோ, பழைய வடிவத்தில் 'ஸ்டார்ட் 0' என்றோ அனுப்பினால் எல்லா விளம்பரமும் நிற்கும். பகுதித் தடைக்கு எட்டு வகைகள் இருக்கின்றன: வங்கி-காப்பீடு-கடன் அட்டை 1, மனை-வீடு 2, கல்வி 3, உடல்நலம் 4, நுகர்பொருள்-வாகனம் 5, தொலைத்தொடர்பு-பொழுதுபோக்கு 6, சுற்றுலா 7, உணவு 8.

இங்கே ஒரு குழி இருக்கிறது. 'பிளாக் 1' என்றால் வகை 1ஐ நிறுத்து என்று பொருள். பழைய முறையில் 'ஸ்டார்ட் 1' என்றால் வகை 1ஐ மட்டும் அனுப்பு, மற்றதை நிறுத்து என்று பொருள். இரண்டும் நேரெதிர். எங்கோ படித்த கட்டளையைக் குழப்பி அனுப்பிவிட்டு, கடன் அழைப்புகளை மட்டும் தேடி வரவழைத்துக்கொண்டவர்கள் உண்டு. பகுதித் தடை வேண்டுமென்றால் குறுஞ்செய்தியை விட்டுவிட்டு ஆப்பில் தேர்ந்தெடுங்கள். பெரும்பாலான வீடுகளுக்கு முழுத் தடையே போதும். ஓ.டி.பி., வங்கிக் கணக்குத் தகவல், ரயில் டிக்கெட் செய்தி போன்றவை விளம்பரக் கணக்கில் வராது. முழுத் தடை போட்டாலும் அவை வந்துகொண்டே இருக்கும். அந்தப் பயத்தில் பகுதித் தடையோடு நிற்க வேண்டியதில்லை.

பதிவு எண்ணுக்குத்தான், ஆளுக்கு இல்லை. இரட்டை சிம் போனில் இரண்டு எண்ணுக்கும் தனித்தனியே செய்ய வேண்டும். எண்ணை வேறு நிறுவனத்துக்கு மாற்றிய பிறகு பதிவு தொடர்கிறதா என்று ஒருமுறை சரிபார்ப்பது நல்லது. போட்ட அன்றே அமைதி வந்துவிடும் என்று எதிர்பார்க்காமல் ஒரு வாரம் விட்டுப் பாருங்கள்.

அதன் பிறகும் 140 எண்களிலிருந்து அழைப்பு வந்தால், பெரும்பாலும் நீங்களே எங்கோ ஒப்புதல் கொடுத்திருப்பீர்கள். காப்பீட்டு பிரீமியம் ஒப்பிடும் தளத்திலோ, கடன் தகுதி பார்க்கும் பக்கத்திலோ எண்ணைப் போட்டதும் கீழே சின்ன எழுத்தில் ஒரு வரி இருக்கும்: என் எண் டி.என்.டி. பதிவில் இருந்தாலும் என்னை அழைக்கலாம் என்று ஒப்புக்கொள்கிறேன். கட்டத்தில் டிக் ஏற்கெனவே விழுந்திருக்கும். அந்த ஒப்புதலை டி.என்.டி. முறியடிக்காது, நீங்கள்தான் திரும்பப் பெற வேண்டும். பல வங்கிகளின் இணையதளத்தில் 'டூ நாட் கால்' என்று தனிப் படிவமே இருக்கிறது, தேடினால் கிடைக்கும். மற்ற நிறுவனங்களுக்கு அவற்றின் குறைதீர் மின்னஞ்சலுக்கு "விற்பனை அழைப்புக்கான என் ஒப்புதலை விலக்கிக்கொள்கிறேன்" என்று எண்ணோடு ஒரு வரி எழுதினால் கையில் சாட்சி இருக்கும். ஒருமுறை விலக்கிக்கொண்டால் 90 நாளைக்கு அந்த நிறுவனம் உங்களிடம் மறுபடி ஒப்புதல் கேட்கக் கூடாது என்பது 2025இல் திருத்தப்பட்ட விதி.

புகார்: ஒருவர் செய்தால் முணுமுணுப்பு, ஐந்து பேர் செய்தால் நடவடிக்கை

பத்து இலக்க எண்ணிலிருந்து விற்பவரை டி.என்.டி. தொடவே தொடாது. அவர் எந்தப் பதிவிலும் இல்லாதவர், அழைப்பதற்கு முன் எந்தப் பட்டியலையும் பார்ப்பதில்லை. அவரிடம் செல்லுபடியாகும் ஒரே அதிகாரபூர்வ வழி புகார்.

2025 பிப்ரவரி 12 அன்று வந்த திருத்தத்துக்குப் பிறகு புகார் செய்வது முன்னைவிட எளிது. பதிவில்லாத விற்பனையாளர் மீது புகார் செய்ய நீங்கள் டி.என்.டி.யில் இருக்க வேண்டிய அவசியமே இப்போது இல்லை. முன்பு மூன்று நாளுக்குள் புகார் செய்ய வேண்டும், இப்போது ஏழு நாள். 1909க்கு அனுப்பும் செய்தியில் அழைப்பு எதைப் பற்றியது என்ற சுருக்கமான விவரம், கமா, அழைத்த எண், கமா, அழைப்பு வந்த தேதி நாள்/மாதம்/ஆண்டு வரிசையில் இருக்க வேண்டும். உங்கள் எந்த எண்ணுக்கு அழைப்பு வந்ததோ அதிலிருந்தே அனுப்ப வேண்டும். டிராயின் டி.என்.டி. ஆப் இருந்தால் அழைப்புப் பட்டியலில் அந்த எண்ணைத் தொட்டாலே இந்த விவரங்கள் தாமாக நிரம்பிவிடும், கைத்தவறுக்கு இடமில்லை.

புகார் ஏன் தள்ளுபடியாகிறது என்று தெரிந்துகொண்டால் பாதி அலைச்சல் மிச்சம். தொலைபேசி நிறுவனம் முதலில் தன் அழைப்புப் பதிவேட்டில் அந்தத் தேதியில் அந்த எண்ணிலிருந்து உங்களுக்கு அழைப்பு வந்ததா என்று பார்க்கும். நள்ளிரவு தாண்டித் தேதியை மாற்றிப் போட்டாலும், எண்ணில் ஒரு இலக்கம் தவறினாலும் அங்கேயே முடிந்தது. இரட்டை சிம்மில் வேறு எண்ணிலிருந்து அனுப்பினாலும் அப்படித்தான். வாட்ஸாப் அழைப்பு அவர்கள் பதிவேட்டில் இருக்காது, ஆகவே 1909இல் அதைப் பற்றிச் சொல்லிப் பயனில்லை.

புகார் சரியாகச் சேர்ந்தாலும் ஒற்றைப் புகாரால் பெரிதாக எதுவும் நடக்காது என்பதையும் சொல்லிவிட வேண்டும். பத்து நாளில் ஐந்து பேர் ஒரே விற்பனையாளர் மீது புகார் செய்தால் நடவடிக்கை தொடங்கும். முன்பு ஏழு நாளில் பத்துப் பேர் என்று இருந்தது. முதல் முறை பிடிபட்டால் அவருடைய எல்லா இணைப்புகளிலிருந்தும் வெளியே பேசுவது 15 நாள் நிறுத்தப்படும். மறுபடி செய்தால் எல்லாத் தொலைபேசி நிறுவனங்களிலும் சேர்த்து ஓராண்டு துண்டிப்பு. இதைக் கணக்கில் வைத்துப் பார்த்தால், புகார் என்பது தனியாளாகச் செய்வதைவிடக் கூட்டாகச் செய்யும்போதுதான் கூர்மை பெறுகிறது. மனை விற்பவர்கள் ஒரே அபார்ட்மெண்ட் பட்டியலை வைத்து வரிசையாக அழைப்பவர்கள். குடியிருப்போர் சங்க வாட்ஸாப் குழுவில் எண்ணையும் தேதியையும் போட்டு, அழைப்பு வந்தவர்கள் எல்லாம் அதே வாரம் ஆளுக்கொரு புகார் அனுப்பினால் ஐந்தை எட்டுவது கஷ்டமில்லை. குழுவில் அந்த எண்ணைத் திட்டித் தீர்ப்பதைவிட இது உருப்படியான வேலை.

விற்பனை இல்லாமல் ஏமாற்று என்று சந்தேகம் வந்தால் இடம் மாறுகிறது. மின்சாரம் துண்டிக்கப்படும், கே.ஒய்.சி. காலாவதி, "டிராயிலிருந்து பேசுகிறோம், ரெண்டு மணி நேரத்தில் உங்க நம்பர் கட்டாகும்" போன்றவை தொலைத்தொடர்புத் துறையின் சஞ்சார் சாத்தி தளத்தில் மோசடி அழைப்புகளைத் தெரிவிக்கும் 'சக்ஷு' பகுதிக்குப் போக வேண்டியவை. டிராய் யாருடைய எண்ணையும் துண்டிப்பதாக அழைத்துச் சொல்வதில்லை. பணம் போய்விட்டிருந்தால் இதற்கெல்லாம் நேரமில்லை, உடனே சைபர் மோசடி உதவி எண் 1930.

போனுக்குள் இருக்கும் வழிகள்

சொந்தமாகக் கட்டுப்படுத்தக்கூடியவற்றில் மூன்றை ஒப்பிடலாம்.

போனோடு வரும் வடிகட்டி முதலாவது. கூகுளின் போன் ஆப்பில் 'காலர் ஐடி அண்ட் ஸ்பேம்' என்ற அமைப்புக்குள் 'ஃபில்டர் ஸ்பேம் கால்ஸ்' என்று இருக்கும். அதைப் போட்டால் சந்தேக அழைப்புகள் மணியடிக்காமலே ஒதுங்கும். சாம்சங்கிலும் இதற்கு ஈடான அமைப்பு உண்டு. இங்கே பலரும் தடுக்கி விழும் இடம் வேறொன்று: 'பிளாக்டு நம்பர்ஸ்' பகுதியில் 'அன்நோன்' என்று ஒரு பொத்தான் இருக்கிறதல்லவா, அது உங்கள் தொடர்புப் பட்டியலில் இல்லாத எண்களைத் தடுக்காது. எண்ணையே மறைத்து அழைப்பவர்களை மட்டும்தான் தடுக்கும். விற்பனை அழைப்புகள் எண்ணோடுதான் வருகின்றன, ஆகவே அதைப் போட்டும் ஒன்றும் மாறாது.

இரண்டாவது நெட்வொர்க்கே தரும் எச்சரிக்கை. ஏர்டெல் 2024 செப்டம்பரில் இதைத் தொடங்கியது. அழைப்பு வரும்போதே ஸ்பேமாக இருக்கலாம் என்று திரையில் காட்டும், எதையும் நிறுவ வேண்டாம். 2025இல் ஆண்ட்ராய்டு போன்களில் தமிழிலும் இந்த எச்சரிக்கை வரத் தொடங்கியது. தொடர்புப் பட்டியலை யாருக்கும் கொடுக்காமல் கிடைக்கிறது என்பது இதன் பெரிய பலம். குறை, எச்சரிக்கும், தடுக்காது. மணி அடிக்கத்தான் செய்யும்.

மூன்றாவது ட்ரூகாலர் வகை ஆப். இந்தியாவில் இதைப் பற்றி அறிமுகம் தேவையில்லை. ஒரு விஷயத்தில் இது மற்ற இரண்டையும் மிஞ்சுகிறது: ஆண்ட்ராய்டில் எண்ணின் தொடக்கத்தை வைத்து மொத்த வரிசையையே தடுக்கலாம். 140 என்று தொடங்குவதைத் தடுத்துவிட்டால் பதிவுசெய்த விளம்பரக் கடை மொத்தமும் மூடியாயிற்று. சில போன்களில் எண் +91140 என்று வரும், ஆகவே இரண்டு வடிவத்தையும் சேர்க்க வேண்டும். இதே வேகத்தில் 1600ஐயும் தடுத்துவிடாதீர்கள், அது வங்கியின் உண்மையான அழைப்பு. 080, 022 போன்ற ஊர்க் குறியீடுகளையும் தொட வேண்டாம். உணவு, பார்சல் கொண்டுவருபவர் எண்ணை மறைக்க நிறுவனங்கள் பயன்படுத்தும் இடைநிலை எண்கள் அப்படித்தான் தெரியும். தடுத்துவிட்டால் பிரியாணி வாசலில் ஆறிப்போகும்.

விலையாகக் கொடுப்பது தகவல். இந்த ஆப்கள் பெயரைக் காட்டுவது மற்றவர்கள் தங்கள் போனில் எப்படிப் பதிந்திருக்கிறார்கள், எத்தனை பேர் ஸ்பேம் என்று குறித்தார்கள் என்பதை வைத்துத்தான். கேட்கும் எல்லா அனுமதியையும் கொடுக்காமல், அழைப்பை அடையாளம் காண எது தேவையோ அதை மட்டும் கொடுங்கள். குறுஞ்செய்தி படிக்கும் அனுமதி இல்லாமலும் தடுப்பு வேலை செய்யும். இன்னொன்று, நிறுவனத்தின் பெயருக்குப் பக்கத்தில் இருக்கும் சரிபார்ப்புக் குறி அது அந்த நிறுவனம்தான் என்று மட்டும் சொல்கிறது. விற்கத்தான் அழைக்கிறார்கள் என்பதை அது மறுக்கவில்லை.

அழைப்பவரின் பெயரை நெட்வொர்க்கே காட்டும் ஏற்பாட்டை டிராய் 2024 பிப்ரவரியில் பரிந்துரைத்து, 4ஜி, 5ஜி இணைப்புகளில் அது படிப்படியாக வருகிறது. சிம் வாங்கும்போது கொடுத்த பெயர் திரையில் தெரியும். வங்கி அதிகாரி என்று சொல்பவரின் பெயருக்குப் பதில் யாரோ தனிநபர் பெயர் வந்தால் உஷாராகலாம். மற்றபடி அந்தப் பெயர்க்காரர் எதற்காக அழைக்கிறார் என்பதை அது சொல்லாது. தடுப்பு வழியாக இதை நம்பியிருக்க முடியாது.

மௌனம்: மிக வலுவானது, மிகச் செலவானது

தெரியாத எண்களை முழுக்க மௌனமாக்குவதுதான் நூற்றுக்கு நூறு பலிக்கும் ஒரே வழி. ஐபோனில் இந்த வசதி 2019இல் 'சைலன்ஸ் அன்நோன் காலர்ஸ்' என்ற பெயரில் வந்தது. தொடர்புப் பட்டியலில் இருப்பவர்களும், நீங்கள் அண்மையில் அழைத்த எண்களும் மட்டும் மணியடிக்கும். ஆண்ட்ராய்டில் 'டு நாட் டிஸ்டர்ப்' முறையில் அழைப்பு விலக்கு தொடர்புகளுக்கு மட்டும் என்று வைத்தால் ஏறக்குறைய அதே பலன். இதில் 'ரிபீட் காலர்ஸ்' என்று ஒரு விலக்கு உண்டு: ஒரே எண் 15 நிமிடத்துக்குள் இரண்டாவது முறை அழைத்தால் மணியடிக்க விடும். ஐபோனின் 'டு நாட் டிஸ்டர்ப்' முறையில் அது மூன்று நிமிடம். அவசரத்தில் இருப்பவர் உடனே மறுபடி அழைப்பார், விற்பனை இயந்திரம் பட்டியலில் அடுத்த எண்ணுக்குப் போய்விடும், ஆகவே இந்த விலக்கைப் போட்டு வைப்பது நல்லது. வாட்ஸாப்பில் தனியாக: செட்டிங்ஸ், பிரைவசி, கால்ஸ் என்று போனால் தெரியாத அழைப்பை மௌனமாக்கும் பொத்தான். இதை மட்டும் யோசிக்காமல் எல்லா வீட்டிலும் போடலாம். வாட்ஸாப்பில் முன்பின் தெரியாதவர் குரல் அழைப்பு கொடுக்க நியாயமான காரணம் அநேகமாக எதுவும் இல்லை.

மொபைல் அழைப்பில் அப்படிச் சொல்ல முடியாது. சிலிண்டர் கொண்டுவருபவர், பள்ளி வேன் ஓட்டுநர், ஸ்கேன் சென்டர், ஆட்டோக்காரர், தண்ணி லாரிக்காரர் என்று நம் வீடுகளின் அன்றாடம் தெரியாத எண்களில்தான் ஓடுகிறது. வெளிநாடுகளில் இந்த மௌனம் எளிதாக வேலை செய்யக் காரணம், அழைத்தவர் குரல் செய்தி விட்டுப் போவார். இங்கே அந்தப் பழக்கமே இல்லை, மிச்சமாவது ஒரு மிஸ்டு கால்தான். திருப்பி அழைத்தால் "நாங்க வந்துட்டுப் போயிட்டோம் சார்". முழு மௌனத்தை நாள் முழுக்க வைப்பதைவிட மதியத் தூக்க நேரம், இரவு என்று அட்டவணை போட்டு வைப்பது பொருந்தும்.

சர்வே அழைப்பு: விதிக்குப் பாதி வெளியே

விற்பனை அழைப்புக்கு எழுதப்பட்ட விதியை சர்வே அழைப்புக்கு அப்படியே பொருத்த முடியாது. விதி பேசுவது பொருளையோ சேவையையோ விளம்பரப்படுத்தும், வியாபாரம் கேட்கும் அழைப்புகளைப் பற்றி. நேர்மையான கருத்துக்கணிப்பு எதையும் விற்பதில்லை. ஆகவே டி.என்.டி. போட்ட வீட்டுக்கும் "யாருக்கு ஓட்டுப் போடுவீங்க?" என்ற அழைப்பு வரும். அந்த எண் எங்கிருந்தோ கசிந்தது என்று எடுத்துக்கொள்ளவும் வேண்டாம். போன் வழிக் கணிப்பு நடத்துபவர்கள் கணினியில் எண்களைத் தற்செயலாக உருவாக்கி அழைப்பது வழக்கமான முறை. உங்கள் பெயர்கூட அவர்களுக்குத் தெரிந்திருக்காது.

அரசின் கணக்கெடுப்பு என்று சொன்னால் ஒரு எளிய அளவுகோல் இருக்கிறது. மக்கள்தொகைக் கணக்கெடுப்புக்கு வீட்டுக்கு ஆள் வருவார்கள், அல்லது நீங்களே இணையத்தில் நிரப்புவீர்கள். தேசிய புள்ளியியல் அலுவலகத்தின் தொழிலாளர் கணக்கெடுப்பில் நகர்ப்புற வீடுகளுக்கு மறுமுறை விவரம் கேட்கப் போன் பயன்படுத்தப்பட்டது உண்டு, அதுவும் முதல் முறை நேரில் வந்துபோன வீட்டுக்குத்தான். முன்பின் யாரும் வராமல் அரசின் பெயரைச் சொல்லி ஆதார் எண்ணோ வங்கிக் கணக்கோ கேட்டால் அது கணக்கெடுப்பே இல்லை. ஓ.டி.பி. கேட்கும் சர்வே என்று உலகில் எதுவும் கிடையாது.

உண்மையில் தொல்லை தருவது சர்வே போர்வையில் வரும் விற்பனை. அதன் கேள்வி வரிசை கிட்டத்தட்ட எப்போதும் ஒன்றுதான். வயது, கல்யாணம் ஆகிவிட்டதா, கார் இருக்கிறதா, கிரெடிட் கார்டு எத்தனை, மாத வருமானம் இத்தனைக்கு மேலா. ஐந்தாவது கேள்வி முடிந்ததும் "வாழ்த்துகள் சார், உங்களுக்கு கிஃப்ட் வவுச்சர், ஞாயித்துக்கிழமை மேடத்தோட ஹோட்டலுக்கு வந்து வாங்கிக்கோங்க". போனால் விடுமுறைக் கழக உறுப்பினர் சந்தாவை விற்க இரண்டு மணி நேரம் உட்கார வைப்பார்கள். தம்பதியாக வரச் சொல்வதற்குக் காரணம், "வீட்ல கேட்டுட்டுச் சொல்றேன்" என்று தப்பிக்க முடியாது. இந்த வகை வந்தால் தயங்காமல் புகாரில் விற்பனை அழைப்பு என்றே எழுதலாம். கடைசியில் பொருள் விற்கப்படுகிறது, தொடக்கத்தில் என்ன பெயர் சொன்னார்கள் என்பது முக்கியமில்லை.

பதில் சொல்ல விருப்பமிருந்தால் மூன்று கேள்வி போதும்: எந்த ஆய்வு நிறுவனம், எதைப் பற்றிய ஆய்வு, என் எண் எப்படிக் கிடைத்தது. உண்மையான கணிப்பாளர் மூன்றுக்கும் பதில் வைத்திருப்பார், மறுத்தால் நன்றி சொல்லி வைத்துவிடுவார். மழுப்பினால் வைத்துவிடுங்கள். பதிவுசெய்த குரலில் "எண் 1ஐ அழுத்தவும்" என்று வரும் கட்சி, விளம்பர அழைப்புகளில் எதையும் அழுத்தாமல் வைப்பது நல்லது. "இனி வேண்டாம் என்றால் 9" என்று சொன்னாலும் சரி, எண்ணை அழுத்துவது இந்தப் பக்கம் ஆள் இருக்கிறார் என்று அவர்களுக்குச் சொல்வதாகிவிடும்.

எடுத்துவிட்டால் என்ன செய்வது

"ஹலோ" சொன்ன பிறகு இரண்டு மூன்று விநாடி அமைதி, பிறகு ஒரு 'டொக்', பிறகு குரல். இது ஏன் என்று பலருக்கும் புரிவதில்லை. அழைப்பு மையத்தில் ஒரு கணினி, இருக்கும் ஆட்களைவிட அதிக எண்களை ஒரே நேரத்தில் அழைக்கிறது. எடுப்பவர்களைக் காலியாக இருக்கும் பணியாளரிடம் சேர்க்கிறது. யாரும் காலியில்லையென்றால் அழைப்பு அப்படியே செத்துப்போகும், நீங்கள் வெறும் காற்றிடம் ஹலோ சொல்லிக்கொண்டிருப்பீர்கள். பல கணினிகள் மனிதக் குரலா, பதிவுக் கருவியா என்று அறிய அந்த முதல் ஹலோவையும் அதற்குப் பின்வரும் மௌனத்தையும் கவனிக்கின்றன. தெரியாத எண்ணை எடுத்ததும் பேசாமல் மூன்று விநாடி காத்திருந்தால், ஆள் அழைத்திருந்தால் அவரே "ஹலோ, சார்" என்பார். கணினி என்றால் பல சமயம் துண்டித்துவிடும்.

பேச்சில் சிக்கிவிட்டால் கோபப்படுவதில் பயனில்லை. அந்தப் பக்கம் இருப்பவர் பெரும்பாலும் இலக்கு வைத்து வேலை செய்யும் சம்பளக்காரர். "இப்போ பிஸி" என்று சொல்வதும் தவறு, 'பிறகு அழைக்கவும்' என்று குறித்துக்கொள்வார்கள், மாலையில் மறுபடி வரும். "தேவையில்லைங்க. எந்த கம்பெனிக்காகப் பேசறீங்க? என் நம்பரை லிஸ்ட்ல இருந்து எடுத்துடுங்க" என்று சொல்லி வைத்துவிட வேண்டியதுதான். கம்பெனி பெயரைக் கேட்டு வாங்குவது புகாருக்கும், ஒப்புதலை விலக்குவதற்கும் உதவும்.

எந்த வீட்டுக்கு எது

வேலைக்குப் போகிறவர்கள், அடிக்கடி ஆன்லைனில் வாங்குகிறவர்கள் இருக்கும் வீட்டுக்கு முழு டி.என்.டி., 140 வரிசைத் தடை, போனின் ஸ்பேம் வடிகட்டி ஆகிய மூன்றும் போதும். முழு மௌனம் வேண்டாம். படிவங்களிலும் கடை பில்லிங் கவுண்டரிலும் கொடுக்க இரண்டாவது எண் வைத்துக்கொள்வது செலவுக்குத் தகுந்த பலன் தரும். அந்த எண்ணை வங்கிக்கோ ஆதாருக்கோ இணைத்துவிடக் கூடாது. ரீசார்ஜ் செய்யாமல் விட்டால் எண் போய், பிறகு வேறொருவருக்குக் கிடைத்துவிடும்.

டியூஷன், தையல், கேட்டரிங் என்று வீட்டிலிருந்தே தொழில் செய்பவருக்குத் தெரியாத எண் என்றால் வாடிக்கையாளர். அவர் எதையும் மௌனமாக்க முடியாது. எண் விளம்பரப் பலகையிலேயே இருப்பதால் தொல்லையும் அதிகம். நெட்வொர்க் எச்சரிக்கையும் ட்ரூகாலர் வகை அடையாளமும் அதிகம் பயன்படுவது இவருக்குத்தான். பட்டியலைப் பார்த்து எடுப்பதா வேண்டாமா என்று முடிவெடுக்கலாம்.

லேண்ட்லைன் உள்ள வீட்டில் ஆப் எதுவும் உதவாது. அதே தொலைபேசியிலிருந்து 1909ஐச் சுழற்றி டி.என்.டி. பதிவும் புகாரும் செய்யலாம். எண்ணைக் காட்டும் திரையுள்ள கருவி இல்லாவிட்டால் புகாருக்கு எண்ணே கிடைக்காது, ஆகவே அதுதான் முதல் செலவு. கருவி வாங்கினால் மட்டும் போதாது, எண் காட்டும் வசதி இணைப்பில் இயக்கப்பட்டிருக்கிறதா என்று நிறுவனத்திடம் கேட்டுக்கொள்ள வேண்டும். தடுப்புப் பட்டியல் உள்ள கார்ட்லெஸ் போன்கள் கிடைக்கின்றன. ஒவ்வொரு எண்ணாகச் சேர்ப்பதில் பயன் குறைவு, விற்பவர்கள் எண்ணை மாற்றிக்கொண்டே இருப்பார்கள். முதல் இலக்கங்களை வைத்துத் தடுக்கும் வசதி இருந்தால் மட்டும் அதற்குக் கூடுதல் காசு கொடுங்கள்.

தனியாக இருக்கும் பெரியவர்களின் போனுக்கு மட்டும் நாம் முழு மௌனத்தையே பரிந்துரைப்போம். அவர்களுக்கு ஒரு விற்பனை அழைப்பு வெறும் தொல்லையோடு முடிவதில்லை, "சார் நான் பேங்க்லேருந்து பேசறேன்" என்பவரிடம் மரியாதைக்காகப் பேச்சை நீட்டுவார்கள். போடுவதற்கு முன் ஒரு மணி நேரம் உட்கார்ந்து தொடர்புப் பட்டியலை நிரப்ப வேண்டும்: டாக்டர், மருந்துக்கடை, கேஸ் ஏஜென்சி, பால்காரர், எலெக்ட்ரீஷியன், பக்கத்து வீடு, வங்கிக் கிளை, ஆம்புலன்ஸ் அனுப்பும் மருத்துவமனை. வெளிநாட்டில் இருக்கும் பிள்ளைகளின் எண்களை நாட்டுக் குறியீட்டோடு, முன்னால் + போட்டுப் பதிய வேண்டும். இல்லாவிட்டால் போன் அவர்களையும் தெரியாதவராக எடுத்துக்கொண்டு மௌனமாக்கிவிடும். இரண்டாவது முறை அழைத்தால் மணியடிக்கும் விலக்கைப் போட்டு, உறவினர்களிடமும் "எடுக்கலேன்னா உடனே இன்னொரு தடவை அடிங்க" என்று சொல்லி வையுங்கள். முதல் மாதம் வாரம் ஒருமுறை மிஸ்டு கால் பட்டியலைப் பார்த்து, விட்டுப்போன உண்மையான எண்களைப் பட்டியலில் சேர்த்துவிட்டால் அதன் பிறகு யாரும் தொட வேண்டியிருக்காது.